மூளை அறுவையில் கேமரா வழியே செயற்பகுதி வரைபடம்: இரத்தக்குழாய் ஓரங்கள் மட்டும் ஒளிர்கின்றன, ஏன்?

புறணிவெளிச்சம்

அனைவருக்கும் வணக்கம். மண்டையோட்டைத் திறந்து, மூளையை மூடிய டியூரா உறையை விலக்கியதும் வெளியே தெரியும் பெருமூளைப் புறணியைக் கேமராவால் படம்பிடித்து, கைக்குரிய உணர்வுப் பகுதி எது என்று காட்டும் அமைப்பு ஒன்றைச் சோதித்து வருகிறோம். சாயம் எதுவும் செலுத்துவதில்லை. நரம்பணுக்கள் வேலைசெய்யும் இடத்தில் இரத்தத்தின் அளவும் ஆக்சிஜனும் மாறும்போது எதிரொளிப்பில் வரும் சிறு வித்தியாசம்தான் சிக்னல். நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டு. இந்த வரைபடத்தை வைத்து இப்போதைக்கு யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை.

அமைப்பு: அறுவை நுண்ணோக்கியின் பக்க போர்ட்டில் 12 பிட் மோனோகுரோம் சிமாஸ் கேமரா, குளோபல் ஷட்டர், பிக்சல் கொள்ளளவு ஏறத்தாழ 10,000 எலெக்ட்ரான். 1024 × 1024 பிக்சல் 50 மி.மீ. அகலத்தைப் பிடிக்கிறது. வெளிச்சம் நுண்ணோக்கியின் செனான் விளக்கு. கேமராவுக்கு முன்னால் 630 நானோமீட்டர் பேண்ட்பாஸ் ஃபில்டர், அகலம் 10 நானோமீட்டர். பளபளப்பைக் குறைக்க நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸுக்குக் கீழே ஒரு போலரைசர். விநாடிக்கு 20 ஃப்ரேம் எடுக்கிறோம். வட்டில் இடம் போதாததால் 20-க்கு ஒன்றை மட்டும் சேமிக்கிறோம்.

மணிக்கட்டில் மீடியன் நரம்புத் தூண்டல், கட்டைவிரல் லேசாகத் துடிக்கும் அளவுக்கு. 30 விநாடி ஓய்வு, 30 விநாடி தூண்டல், 6 சுழற்சி. தூண்டல் தொடங்கியபின் 5 முதல் 10 விநாடி வரையிலான சராசரியிலிருந்து தூண்டலுக்கு முந்தைய 5 விநாடியின் சராசரியைக் கழித்து வரைபடம் போடுகிறோம்.

விளைவு: இரத்தக்குழாய் ஓரங்கள் மட்டும் 1 முதல் 3 சதவீதம் வரை ஒளிர்கின்றன. குழாயின் ஒரு பக்கம் வெள்ளை, எதிர்ப்பக்கம் கறுப்பு. அதோடு முழுப் புலமும் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. எதிர்பார்த்த மடிப்பில் திட்டாக எதுவும் வரவில்லை. இதைவிட நல்ல கேமரா வேண்டுமா? 630 சரியான தேர்வா? சாதாரண வண்ணக் கேமராவே போதும் என்கிறார்களே, அது உண்மையா? சிக்னல் வந்தபின் அறுவை மருத்துவர் அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

---

ஒளியியல்_பட்டறை

கேமராவை விட்டுடுங்க, அது குற்றவாளி இல்லை. கணக்குப் போட்டாலே தெரிஞ்சிடும். 10,000 எலெக்ட்ரான் நிரம்பிய பிக்சல்ல ஒளியணு இரைச்சல் அதன் வர்க்கமூலம், அதாவது 100. ஒரு பிக்சல், ஒரு ஃப்ரேமுக்கு 1 சதவீதம். நீங்க தேடற மாற்றம் 0.1 சதவீதம்னு வைங்க. அதை இரைச்சலைப் போல ஐந்து மடங்கா பார்க்கணும்னா இரைச்சல் 0.02 சதவீதத்துக்கு இறங்கணும். அதுக்கு 2.5 கோடி எலெக்ட்ரான், அதாவது 2,500 மாதிரிகள் வேணும். 4 × 4 பிக்சலைச் சேர்த்தா 16. அதை 160 ஃப்ரேம்ல சராசரி எடுத்தா 2,560. விநாடிக்கு 20 ஃப்ரேம்னா வெறும் 8 விநாடி. ஒரே சுழற்சியிலேயே முடிஞ்சிடுது. ஆனா 20-ல 19 ஃப்ரேமை நீங்க தூக்கி எறியறீங்க. அந்த 8 விநாடி இப்போ 160 விநாடி ஆகுது. முதல் திருத்தம் அங்கதான்.

அடுத்தது போலரைசர். பொருளருகு லென்ஸுக்குக் கீழே ஒண்ணு மட்டும் வச்சா விளக்கொளியும் திரும்பி வர்ற ஒளியும் அதே துண்டு வழியாத்தான் போகும். ஈரப் பரப்புல பட்டுத் தெறிக்கிற பளபளப்பு தன் முனைவாக்கத்தை மாத்திக்காது, அதனால அப்படியே முழுசா உள்ள வரும். திசுவுக்குள்ள போய்ச் சிதறி வர்ற ஒளி முனைவாக்கத்தை இழந்துடும், அதுல பாதி வெட்டுப்படும். நீங்க நினைச்சதுக்கு நேர் எதிரா, வேண்டிய ஒளியைக் குறைச்சு வேண்டாததை வச்சிருக்கீங்க. விளக்குப் பாதையில ஒண்ணு, கேமராப் பாதையில அதுக்குச் செங்குத்தா இன்னொண்ணு. அப்படித்தான் வேலைசெய்யும். நுண்ணோக்கிக்குள்ள விளக்குப் பாதையைத் தொட முடியலைன்னா வெளியிலிருந்து எல்இடி வளையம் வைங்க, அதன் முகத்துல போலரைசர் ஒட்டுங்க. ஒளி கணிசமா குறையும், எக்ஸ்போஷரை ஏத்தி ஈடுகட்டலாம்.

செனான் வில் உள்ளுக்குள்ளயே மெல்ல நகரும். பிரகாசம் நிமிடக் கணக்குல மிதக்கும். எல்இடி-க்கு மாறினா நிலை மின்னோட்ட டிரைவர் போடுங்க. அணைச்சு அணைச்சு எரிய வச்சு மங்கலாக்குற டிரைவர் வேண்டாம், அது எக்ஸ்போஷரோட மோதி மெதுவான அலையா தெரியும். அதோட நுண்ணோக்கியில இதையெல்லாம் அணைக்கணும்: தானியங்கி ஐரிஸ் (ஒளித்துளை), தானியங்கி ஃபோகஸ், ஜூமோட வெளிச்சத்தைக் கோர்க்கிற வசதி, வேலைத்தூரம் மாறினா வெளிச்சத்தைக் குறைக்கிற பாதுகாப்பு. கடைசியா சொன்னதை அணைச்சா வெளிச்சத்தைக் கையாலயே தாழ்வா வைக்கிற பொறுப்பு உங்களோடது. திறந்த புறணி மேல செனானை முழுசா அடிச்சா திசு சூடாகும், உலர்ந்தும் போகும். கேமராவுல காமா 1, தானியங்கி கெயின், தானியங்கி எக்ஸ்போஷர், இரைச்சல் நீக்கம் எல்லாம் பூஜ்யம். மேல தொங்கற அறுவை விளக்கைத் திருப்பினா போதாது, அணைக்கணும்.

நோயாளி இல்லாம ஒரு சோதனை: வெள்ளை டெஃப்லான் தகட்டை அதே தூரத்துல வச்சு, அதே 6 சுழற்சியை ஓட்டி, அதே நிரல்ல போடுங்க. வரைபடம் 0.02 சதவீதத்துக்குள்ள தட்டையா வரணும். வரலைன்னா உயிருள்ள மூளைக்குப் போகவே வேண்டாம்.

630 பத்தி: அந்த இடத்துல ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின், ஆக்சிஜன் ஏந்தியதைவிட ஏறத்தாழ 8 மடங்கு ஒளியை உறிஞ்சும். அதனால ஆக்சிஜன் மாற்றத்துக்கு நல்ல அலைநீளம். ஆனா சிக்னல் சின்னது. 530, 570 பக்கம் ரெண்டும் ஏறத்தாழ சமமா உறிஞ்சும், அதுவும் மிக பலமா. அங்க தெரியறது மொத்த இரத்த அளவு. மாற்றம் பெரிசு, இரைச்சலுக்கு மேல சீக்கிரம் எழும்பும். தொடக்கத்துக்குப் பச்சையில ஆரம்பிங்க, சிவப்பை ரெண்டாவதா சேருங்க.

---

படப்பகுப்பு

ஒரு ஓரம் வெள்ளை, எதிர் ஓரம் கறுப்பு என்று எழுதியதே நோயறிதல்தான். அது அசைவு. குழாய் ஓரத்தில் பிரகாசம் ஒரு பிக்சலுக்கு 10 சதவீதம் சரிகிறது என்று கொள்ளுங்கள். மூளை 0.1 பிக்சல், அதாவது உங்கள் அமைப்பில் 5 மைக்ரான், நகர்ந்தாலே அங்கே 1 சதவீத மாற்றம் முளைக்கும். நாடித்துடிப்பிலும் மூச்சிலும் மூளை நகர்வது நூற்றுக்கணக்கான மைக்ரான்.

துடிப்பும் மூச்சும் பல சுழற்சிகளில் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாதது இரண்டு. ஒன்று, திறந்தபின் மூளை மெல்லத் தாழ்வது. இரண்டாவது இன்னும் மோசமானது: தூண்டலோடு சேர்ந்தே வரும் அசைவு. கட்டைவிரல் துடிக்கும்போது கை, தோள், தலைப்பிடி என்று அதிர்வு போய், தூண்டல் ஓடும்போது மட்டும் புலம் இரண்டு மைக்ரான் தள்ளி நின்றால், எத்தனை சுழற்சி சேர்த்தாலும் அது வளருமே தவிரக் குறையாது.

இதற்கு ஒரு கட்டுப்பாட்டு ஓட்டம் கட்டாயம் வேண்டும். அறுவை நடக்கும் அரைக்கோளத்தின் அதே பக்கத்துக் கையைத் தூண்டுங்கள். அசைவு அதேபோல வரும். ஆனால் அந்தக் கையின் முதன்மை உணர்வுப் பகுதி மறு அரைக்கோளத்தில் இருப்பதால் இந்தப் பக்கத்தில் திட்டு வரக்கூடாது. இரு ஓட்டங்களிலும் ஒரே படம் வந்தால் நீங்கள் பார்ப்பது அசைவைத்தான்.

ஃப்ரேம்களைப் பொருத்தும் வரிசை: முதலில் ஃபேஸ் கோரிலேஷன் மூலம் பக்கவாட்டு நகர்வு, பிக்சலில் இருபதில் ஒரு பங்கு நுணுக்கத்தில். பிறகு சுழற்சி, அளவு மாற்றம். அதன்பின் மென்மையான வளைவுப் பொருத்தம், ஏனென்றால் திறப்பின் ஓரமும் நடுவும் ஒரே அளவில் எழும்பித் தாழ்வதில்லை. வளைவுப் பொருத்தத்துக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை 5 மி.மீ. இடைவெளிக்குக் குறைக்காதீர்கள். நெருக்கமாக வைத்தால், செயல்பாட்டால் வரும் பிரகாச மாற்றத்தையே அது அசைவு என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். பிரகாசத்தை அல்லாமல் ஓரங்களை வைத்துப் பொருத்துவது பாதுகாப்பு. பச்சையில் குழாய்கள் கூர்மையாகத் தெரிவதால் பச்சையில் கணக்கிட்டு, அதே நகர்வைச் சிவப்புக்கும் பூசுங்கள்.

பொருத்திய பிறகும் மிச்சம் இருக்கும். அதற்கு எளிய வழி: நகர்வுத் தொடர்களையும், படத்தின் கிடை, நெடுக்கைச் சரிவுகளோடு அவற்றைப் பெருக்கியதையும் ரிக்ரஷனில் (ஒவ்வொரு காரணியின் பங்கையும் பிரித்தெடுக்கும் கணக்கில்) தேவையற்ற மாறிகளாகச் சேர்ப்பது. சிறு நகர்வுக்குப் பிரகாச மாற்றம் என்பது சரிவு பெருக்கல் நகர்வுதானே. ஓர வெள்ளை கறுப்பில் பெரும்பகுதி அதில் போய்விடும்.

இனி 10 விநாடி அலை. விநாடிக்கு ஒரு ஃப்ரேம் மட்டும் சேமிப்பதுதான் என் முதல் சந்தேகம். நாடி நிமிடத்துக்கு 66 என்றால் அது 1.1 ஹெர்ட்ஸ். விநாடிக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்த்தால் அது 0.1 ஹெர்ட்ஸாக, அதாவது சரியாக 10 விநாடி அலையாக, மாறுவேடம் போடும். 72 என்றால் 5 விநாடி அலை. 60 என்றால் அலையே தெரியாது, வெறும் மிதப்பாக வரும். ஒவ்வொரு 20 ஃப்ரேமையும் சராசரி எடுத்துச் சேமித்தால் 1.1 ஹெர்ட்ஸ் துடிப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும், ஆனால் பொருத்துவதற்கு முன்பே சராசரி எடுத்தால் ஓரங்கள் மங்கும். எல்லா ஃப்ரேமையும் வையுங்கள். விநாடிக்கு 42 எம்பி, 6 நிமிடத்துக்கு 15 ஜிபி. இன்றைய வட்டுக்கு அது பாரமே அல்ல.

வண்ணக் கேமரா: போதும், ஆனால் எந்த வண்ணக் கேமரா என்பதுதான் கேள்வி. பிரான்சின் லியோன் குழு வண்ணக் கேமராவை வைத்தே நல்ல வேலை செய்திருக்கிறது. பேயர் அமைப்பின், அதாவது சென்சார் பிக்சல்கள் மேலுள்ள வண்ண ஃபில்டர் கட்டத்தின், மூல எண்கள் கிடைக்க வேண்டும். நுண்ணோக்கியின் வீடியோ வெளியீட்டில் வருவது வண்ணச் சமன், காமா, சுருக்கம் எல்லாம் ஏறிய படம், 0.1 சதவீதம் அதில் பிழைக்காது. மேலும் வண்ணக் கேமராவின் ஒவ்வொரு சேனலும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலம். ஹீமோகுளோபின் செறிவாக மாற்ற நினைத்தால் விளக்கின் நிறமாலை, ஃபில்டர், சென்சார் மூன்றையும் பெருக்கி எடுத்த உறிஞ்சுகெழு தேவை. ஒளி திசுவில் பயணிக்கும் சராசரித் தூரமும் அலைநீளத்தோடு மாறும்: 530-இல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, 630-இல் சில மில்லிமீட்டர். இரண்டுக்கும் ஒரே தூரத்தைப் போட்டால் ஆக்சிஜன் எண் பல மடங்கு தவறும். "எங்கே" என்ற கேள்விக்கு மட்டும் பதில் வேண்டுமானால் செறிவாக மாற்றவே தேவையில்லை, சதவீத மாற்றம் போதும்.

இரண்டு நிறம் இருப்பதன் பெரிய பயன் வேறு. 30 விநாடித் தூண்டலில் செயல்படும் இடம் பச்சையில் இருளும், இரத்த அளவு கூடுவதால். சிவப்பில் பெரும்பாலும் ஒளிரும், தேவைக்கு மேல் புது இரத்தம் வந்து ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினை அடித்துக்கொண்டு போவதால். இரண்டிலும் ஒரே திசையில் மாறினால் விளக்கு, நீர்ப்படலம், அசைவு என்று சந்தேகப்படுங்கள். முதல் ஓரிரு விநாடியில் சிவப்பில் வரும் சிறு இருட்சியை வைத்து இடம் குறிக்க ஆசை வரும். அறுவை அரங்கத்தின் இரைச்சலில் அதை நம்ப வேண்டாம்.

---

புறணிவெளிச்சம்

மிக்க நன்றி. சேமித்த கோப்புகளில் நேரத்தைச் சரிபார்த்தோம்: ஆம், இடையிலுள்ள ஃப்ரேம்களைச் சராசரி எடுக்காமல் தவிர்த்துத்தான் சேமித்திருக்கிறோம். டெஃப்லான் தகட்டில் மிதப்பு 0.4 சதவீதம், 10 விநாடி அலை இல்லை. ஆனால் முழு வேகத்தில் சேமித்த சிறு துண்டு ஒன்றிலும், பொருத்திய பிறகு, 10 விநாடி அலை சிறிதாக இருக்கிறது. நாடி அப்போது 78. இது வேறு எங்கிருந்து வருகிறது?

---

மயக்கவியல்_மேசை

அது பெரும்பாலும் இரத்தக்குழாய்களின் சொந்த அலைதான். சிறு தமனிகள் 0.1 ஹெர்ட்ஸை ஒட்டித் தாமாகவே சுருங்கி விரியும். இரத்த அழுத்தத்திலும் அதே வேகத்தில் அலை உண்டு. மூளை உயிரோடு இருப்பதன் அடையாளம் அது, நீக்க முடியாது, கணக்கில் எடுக்கத்தான் முடியும்.

உங்கள் 5 விநாடிச் சன்னல் அதைக் கரைக்காது. 10 விநாடி அலையின் பாதி 5 விநாடி. அலை சீராக ஓடாமல் ஒரு சன்னல் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் விழுந்தால் வித்தியாசம் உச்சத்துக்குப் போகும். 30 விநாடி முழுவதையும் சராசரி எடுத்தால் உள்ளே மூன்று முழு அலைகள் அடங்கிக் கரையும். தூண்டல் தொடங்கிய முதல் 5 விநாடியையும் முடிந்த பின் 10 விநாடியையும் மாறுகாலம் என்று விட்டுவிட்டு, இரண்டிலும் கடைசி 20 விநாடிகளை ஒப்பிடுங்கள். 20-லும் இரண்டு முழு அலைகள் அடங்கும்.

சுவாசக் கருவி கடிகாரம்போல ஓடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 30 விநாடியில் சரியாக 6. அது நல்லது. 13 என்றால் ஆறரை, ஒரு மிச்சம் தூண்டலோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே பக்கம் விழும். அதற்காக மூச்சு எண்ணிக்கையை மாற்றச் சொல்லாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு கட்டுப்பாடு அதைவிட முக்கியம். ஓய்வு நேரத்தைச் சுழற்சிக்குச் சுழற்சி 27 முதல் 33 விநாடி வரை கலைத்துப் போடுங்கள். சுவாசப்பாதை அழுத்தம், தமனி அழுத்தம், இசிஜி மூன்றையும் கேமராவின் அதே கடிகாரத்தில் பதிந்து ரிக்ரஷனில் சேருங்கள். கேமராவின் எக்ஸ்போஷர் பல்ஸையும் தூண்டல் கருவியின் பல்ஸையும் ஒரே பதிவுக் கருவிக்குள் கொண்டுவந்தால் போதும். கணினி நேரத்தை நம்பி இரண்டு கோப்புகளைப் பின்னால் ஒட்டினால் விநாடிக் கணக்கில் பிசகும்.

எதிர்பார்த்த இடத்தில் திட்டே இல்லாததற்கு மயக்க முறையும் காரணமாக இருக்கலாம். நீங்கள் எழுதவில்லை என்பதால் பொதுவாகச் சொல்கிறேன். ஆவி மயக்க மருந்துகள், ஐசோஃப்ளூரேனும் செவோஃப்ளூரேனும், அளவு கூடினால் குழாய்களை ஏற்கெனவே விரித்து வைத்துவிடும். மேலும் விரிய இடம் இல்லாதபோது தூண்டலுக்குப் பதில் சுருங்கும். புறணியின் மின் பதிலையும் அவை அடக்கும். ப்ரோபோஃபால், ரெமிஃபென்டானில் மருந்துகளைச் சிரை வழியாகத் தொடர்ந்து கொடுப்பது இதற்கு ஏற்றது, மின்பதிவுக் குழுவும் அதையே விரும்பும். கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் அதே கதை: குழாய் விரிந்து நிற்கும், பதில் மங்கும். படம் எடுக்கும் ஆறு நிமிடமும் வெளிமூச்சின் முடிவில் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு ஒரே எண்ணில் நிற்க வேண்டும். எந்த எண் என்பதைவிட நிலையாக நிற்பது முக்கியம்.

அழுத்தம் குறைந்தால் ஃபினைல்எஃப்ரின் ஒரு தள்ளுத் தள்ளுவோம். அந்தத் தள்ளு உங்கள் பச்சைச் சேனலில் முழுப் புலத்தையும் நகர்த்தும், ஒரு சுழற்சி போய்விடும். படம் தொடங்கும் முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்: ஆறு நிமிடம், முடிந்தால் தள்ளு மருந்து வேண்டாம், தேவைப்பட்டால் தயங்காமல் கொடுத்துவிட்டு நேரத்தை உரக்கச் சொல்லுங்கள். அந்தச் சுழற்சியை நீக்குவது உங்கள் வேலை. தசைத் தளர்வு மருந்து கொடுத்தால் கட்டைவிரல் துடிப்பு நின்று, தூண்டலோடு வரும் அசைவும் நின்றுவிடும். ஆனால் பின்னால் இயக்கப் புறணியை மின்னால் தேட வேண்டுமென்றால் அது தடையாகும். அதை அறுவை மருத்துவரோடு முன்கூட்டியே பேசுங்கள்.

நீர் ஊற்றுவதையும் கவனியுங்கள். குளிர்ந்த சலைன் பட்ட இடத்தில் குழாய் சுருங்கும். படத்துக்கு முன் உடல் வெப்ப நீரில் கழுவி, தேங்கியதை உறிஞ்சி, சில நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். நடுவில் ஊற்றினால் அந்த ஓட்டம் செல்லாது. குழாய் சுருக்கத்தைப் போக்க, குழாயை விரிக்கும் பபாவரின் மருந்தை மேலே வைத்திருந்தால் அந்த இடத்தின் பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

---

நரம்பு_அறுவை

நாலாவது கேள்விக்கு வர்றேன். எந்த அளவுக்கு நம்பலாம்? ஒளிர்ற இடத்தை ஓரளவுக்கு நம்பலாம். ஒளிராத இடத்தை நம்பவே கூடாது. இதை வரைபடத்தைப் பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு முறையும் சொல்லணும்.

காரணம் கட்டிதான். கிளையோமா ஊடுருவின இடத்துல குழாய்கள் இயல்பா விரியாது. நரம்பணு வேலை செய்யும், இரத்தம் பதில் சொல்லாது. எஃப்எம்ஆர்ஐ-யில இருக்கிற அதே குறை இங்கயும் இருக்கு, ரெண்டும் ஒரே இரத்தப் பதிலைத்தான் பார்க்குது. எந்த ஓரத்துல வெட்டலாமான்னு தெரியணுமோ அந்த ஓரத்துலதான் சிக்னல் பொய்யா காலியா இருக்கும். காலி இடத்தை "பேசாத பகுதி", அதாவது முக்கிய வேலை இல்லாத இடம்னு எடுத்துக்கிட்டு வெட்டினா கை போயிடும்.

இரண்டாவது, நீங்க பார்க்கறது மேற்பரப்பு மட்டும். புறணியில மூணுல ரெண்டு பங்கு பள்ளங்களுக்குள்ள மடிஞ்சு கிடக்குது. மையப் பள்ளத்தோட சுவர்ல இருக்கிற பகுதி கேமராவுக்குத் தெரியாது. வெண்பொருள் இழைகள் சுத்தமா தெரியாது. வெட்டு ஆழம் போகப்போக அங்க மின் தூண்டல் மட்டும்தான் துணை.

மூணாவது, மீடியன் நரம்பு காட்டறது உணர்வுப் புறணி, மையப் பள்ளத்துக்குப் பின்பக்க மடிப்பு. அறுவைக்கு வேண்டியது பெரும்பாலும் அதுக்கு முன்னால இருக்கிற இயக்க மடிப்பு. அதனால உங்க திட்டைப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கிற குறியா எடுத்துக்கலாம். அதைச் சரிபார்க்க வழி ரொம்பப் பழசு: நாலு முதல் எட்டு தொடுமுனை உள்ள பட்டை எலெக்ட்ரோடைப் பள்ளத்துக்குக் குறுக்கா வச்சு, அதே மீடியன் தூண்டல்ல 20 மில்லிவிநாடி அலை எங்க தலைகீழாகுதுன்னு பார்க்கிறது. முன்பக்கம் நேர், பின்பக்கம் எதிர். தொடுமுனைகளுக்கு நடுவுல 1 செ.மீ. இருக்கும். உங்க திட்டு அந்தத் திரும்புமிடத்துக்குப் பின்னால வரணும். முன்னால வந்தா அன்னிக்கு வரைபடத்தை மூடி வச்சிடுங்க.

அதுக்கு மேல நேரடி மின் தூண்டல்: ரெண்டு முனைக்கு நடுவுல 5 மி.மீ., 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், இருதிசைப் பல்ஸ் 1 மில்லிவிநாடி, 1 அல்லது 2 மில்லியாம்பியர்ல ஆரம்பிச்சு மெல்ல ஏத்துறது. வலிப்பு வந்தா ஊத்த ஐஸ்ல வச்ச ரிங்கர் கரைசல் கைக்கெட்டுற தூரத்துல. ஆனா படத்தை இதுக்கு முன்னாலயே எடுத்துடணும். தூண்டலுக்குப் பிறகு இரத்த ஓட்டம் ரொம்ப நேரம் கலைஞ்சு கிடக்கும்; ஐஸ் நீர் பட்டுட்டா அந்தப் பரப்புல படம் எடுக்கிறதே வீண். வரிசை: டியூரா திறப்பு, இரத்தக் கசிவு முழுசா நிறுத்தம், படம், அலை திரும்புமிடம், மின் தூண்டல், பிறகு வெட்டு. 1992-ல ஹாக்லண்ட், ஓஜெமன், ஹாக்மன் மூணு பேரும் மனிதப் புறணியில முதல்ல இதைக் காட்டினப்போ மின் தூண்டலுக்குப் பின் வர்ற வலிப்புத்தன்மை அலைகளுக்கும் ஒளி மாற்றம் வர்றதைக் காட்டினாங்க. அந்த மாற்றம் உங்களோடதைவிட பெரிசு. அதனால இன்னொரு பயனும் உண்டு: மின் தூண்டல் நடக்கும்போது கேமராவை ஓட விட்டா, உங்க சங்கிலி முழுசும் வேலை செய்யுதான்னு அங்கயே தெரிஞ்சிடும். அதுகூடத் தெரியலைன்னா கோளாறு உங்க பக்கம்.

பெரிய சிரைகளைப் பத்தி ஒரு எச்சரிக்கை. ஒளி மாற்றம் அங்கதான் பளிச்சுன்னு வரும், ஆனா வேலை நடந்தது அங்க இல்லை. கழிவு இரத்தம் வடியற வழி அது. திட்டு பல மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பச்சைப் படத்துல குழாய்களைப் பிரிச்சு மறைச்சிட்டு நடுவுல இருக்கிற திசுவை மட்டும் பாருங்க. அசைவை நிறுத்தக் கண்ணாடித் தகடு வச்சு அழுத்தலாம்னு யாராவது சொல்வாங்க. வேண்டாம். அழுத்தின இடத்துல தந்துகி காலியாகும், பாலச்சிரை இழுபடும்.

கட்டியை ஒளிர வைக்கிற 5-ஏஎல்ஏ மருந்து குடிச்ச நோயாளின்னா 630 ஃபில்டரைக் கழட்டுங்க. கட்டியில சேர்ற போர்ஃபிரின் 635-ல ஒளிரும், செனான்ல நீலம் கலந்திருக்கிற வரைக்கும். அது உங்க ஃபில்டருக்குள்ளயே விழுது. வெளிச்சத்துல மெல்ல வெளுத்து ஒரு பொய்யான மிதப்பைக் காட்டும். இண்டோசயனின் பச்சைங்கிற சாயத்தைச் செலுத்தறதா இருந்தா படத்துக்கு அப்புறம்.

---

ஒளியியல்_பட்டறை

5-ஏஎல்ஏ-க்கு ஃபில்டரைக் கழட்டறதைவிட விளக்குப் பாதையில 500 நானோமீட்டர் லாங்பாஸ் போடறது நல்லது. நீலம் போயிட்டா ஒளிர்வு பெருமளவு நின்னுடும், பச்சையும் சிவப்பும் தாராளமா வரும். எல்இடி வளையம்னா 530-ம் 620-ம் மட்டும் மாத்தி மாத்தி எரியவிட்டா பிரச்சினை பெருமளவு தீரும். ஒரே மோனோகுரோம் கேமரா, 20 ஃப்ரேம்ல 10 பச்சை, 10 சிவப்பு. கேமராவோட எக்ஸ்போஷர் பல்ஸ்தான் எல்இடி-யை மாத்தணும், கணினி இல்லை. ஒரு ஃப்ரேம் விடுபட்டாலும் நிறம் இடம் மாறிடும். அதனால ஒவ்வொரு ஃப்ரேமோட வரிசை எண்ணையும் பதியுங்க.

0.4 சதவீத மிதப்புக்கு: புலத்தோட ஓரத்துல, மூளையைத் தொடாம, டியூரா விளிம்புக்கு வெளியே கிருமிநீக்கின வெள்ளைத் துண்டு ஒண்ணு வைங்க. அதன் சராசரியால ஒவ்வொரு ஃப்ரேமையும் வகுத்தா விளக்கு மிதப்பு போயிடும். அது நனையாம, இரத்தம் படாம இருக்கணும்.

---

புறணிவெளிச்சம்

வெள்ளைத் துண்டால் வகுத்ததும் டெஃப்லானில் 0.03-க்கு வந்துவிட்டது. கடைசியாக ஒன்று. வரைபடத்தை நுண்ணோக்கியின் கண்வில்லைக்குள் மேற்படமாகக் காட்டச் சொல்கிறார்கள். எப்படிக் காட்டுவது முறை?

---

படப்பகுப்பு

சிவப்பு முதல் நீலம் வரை வானவில்லாகக் காட்டாதீர்கள். கண்ணை ஈர்க்கும் நீலத்துக்கு அங்கே பொருளே இருக்காது. மூன்று நிலைகள் போதும். தூண்டலோடு நிச்சயமாகச் சேர்ந்து மாறிய இடம் ஒரே நிறம். ஆயிரக்கணக்கான பிக்சல்களைச் சோதிப்பதற்கான திருத்தம் செய்த வரம்புக்கு மேல், இரு நிறங்களிலும் எதிரெதிர்த் திசையில் மாறி, மறுகையின் கட்டுப்பாட்டு ஓட்டத்தில் வராத இடம் மட்டும். அளக்க முடியாத இடம், அதாவது பளபளப்பு நிரம்பிய பிக்சல், மறைத்த குழாய், இரத்தம் தேங்கிய இடம், பொருத்தம் தோற்ற ஓரம், இவை கோடு போட்ட சாம்பல். மீதி எதுவும் பூசாமல் அப்படியே. அளந்தும் வராத இடத்துக்கும், அளக்கவே முடியாத இடத்துக்கும் வித்தியாசம் தெரிவது மேலே அறுவை மருத்துவர் சொன்ன எச்சரிக்கைக்கு அவசியம்.

மேற்படத்தை நேரடிப் படத்தின் குழாய்களோடு ஒவ்வொரு விநாடியும் பொருத்துங்கள். பொருத்தப் பிழை 1 மி.மீ. தாண்டினால் நிரல் தானாகவே மேற்படத்தை அணைக்க வேண்டும், எச்சரிக்கை எழுத்து போட்டுவிட்டு விடக்கூடாது. வெட்டு தொடங்கியதும் குழாய்கள் அறுபடும், புறணி குழிக்குள் சரியும். அதன்பின் அந்தப் படம் இருக்கும் மூளையைக் காட்டாது. அதற்கு முன்பே, மேற்படம் இன்னும் சரியாக இருக்கும்போது, திட்டின் எல்லையில் கிருமிநீக்கிய எண் சீட்டுகளை வைத்துவிடச் சொல்லுங்கள். மின் தூண்டலின் பதில்களும் அதே சீட்டு எண்களில் எழுதப்படும். எந்தச் சீட்டில் எத்தனை மில்லியாம்பியரில் என்ன பதில் வந்தது என்ற பட்டியலை உங்கள் வரைபடத்தோடு சேர்த்து வைத்தால், திட்டு எத்தனை மில்லிமீட்டர் பிசகியது என்பதை நோயாளிக்கு நோயாளி அளக்க முடியும்.